“ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, பெரியப்பா”

எம்.ஆர்.ஐ. அறையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ஸ்கேன் முடிந்து மேஜை வெளியே வரும்போது எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ரிப்போர்ட் சொல்வது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை, நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆனால் காயிலைக் கழற்றிவிட்டு, தோளைத் தாங்கி உட்கார வைக்கும் அந்த அரை நிமிடத்தில் மனுஷர் கண்ணில் தெரிகிற பயத்துக்கு ஏதாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை. “பயப்பட ஒண்ணும் இல்ல” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தையை என் பெரியப்பாவிடமும் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி ஒன்றரை வருடமாக என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பெரியப்பா மேலூர்ப் பக்கம் ஒரு நெல் மண்டியில் 31 வருடம் கணக்கு எழுதியவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தில் 40 வரி இருந்தாலும் எண்களெல்லாம் தூக்குக்குண்டு விட்ட மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். 20 வருடமாகச் சர்க்கரை. குடி, பீடி எதுவும் கிடையாது. என்னிடம் ஸ்கேனுக்கு வருவதற்கு முந்தைய வருடம் வயிற்று ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். “குடிக்காத மனுசனுக்கு எப்படி லிவர் கெடும்?” என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே கல்லீரலை, அது இறுகிச் சுருங்கிப்போகும் சிரோசிஸ் வரை கொண்டுபோகும் என்பது நம் ஊரில் இன்னும் பரவாத சேதி. அந்த ஃபைல் பீரோவுக்குள் போய்விட்டது.

பிறகு பகலில் தூங்க ஆரம்பித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சட்டை போட்டு மண்டிக்குக் கிளம்புவார். பேரேட்டில் ஒரே வரவை இரண்டு தடவை எழுதினார். எண்கள் வரிசையை விட்டுச் சரிந்து இறங்கின. மண்டி முதலாளியின் மகன் என் அண்ணனைக் கூப்பிட்டு, “சாயங்காலமானா வேற ஆளா இருக்காரு. வீட்ல கொஞ்சம் விசாரிங்க” என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எல்லோருக்கும் புரிந்தது. பெரியம்மா அன்று ராத்திரி அவர் தூங்கும்போது வாயை மோந்து பார்த்திருக்கிறார். இனிப்பும் பூஞ்சைக் கவிச்சியும் கலந்த ஒரு வாடை. “இத்தன வருசம் கழிச்சு இந்தப் பழக்கமா” என்று என்னிடம் போனில் அழுதார். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட கந்தகச் சேர்மங்கள் மூச்சில் வெளியேறும்போது வருகிற வாடை அது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பரிசோதனை அறைகளில் வாழ்க்கையை ஓட்டும் எனக்கும்தான்.

நான்தான் அவரை ஸ்கேனுக்கு வரச் சொன்னேன். டாக்டர் சீட்டில் ‘மறதி, நடைத் தடுமாற்றம், ஸ்ட்ரோக் இருக்கிறதா பார்க்கவும்’ என்று இருந்தது. மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் நானே கழற்றி வாங்கினேன். கையை நீட்டச் சொன்னபோது மணிக்கட்டு நிற்காமல் கோழி சிறகடிப்பது போல விட்டுவிட்டு விழுந்தது. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நினைத்து ஒரு பிஸ்கெட் கொடுத்தேன். உள்ளே போனதும் அவசர பஸ்ஸரை ஏழெட்டு முறை அழுத்தினார். எப்படியோ முடித்தேன். ரிப்போர்ட்: ரத்தக்கசிவு இல்லை, புதிய அடைப்பு இல்லை, வயதுக்கேற்ற சுருக்கம்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, பெரியப்பா” என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அவர் சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டே, “அப்ப நான் வேணும்னே பண்றேன்னு சொல்றாகளா, தாயி?” என்றார்.

சர்வரில் இருந்த படம்

அதற்குப் பிறகு 23 நாள். நான்கு நாள் மலம் போகவில்லை என்று பெரியம்மா கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலை எழுப்ப எழுப்ப எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் பெரியப்பா முகத்தருகே குனிந்து மூச்சை மோந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். “இவருக்கு லிவர் பிரச்சினை இருக்கா?” என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து ஃபைலைக் கொண்டுவந்தான். குடலிலிருந்து வரும் அமோனியா என்ற கழிவைக் கல்லீரல் சுத்திகரிக்காமல் விட்டதால் மூளை குழம்பியிருக்கிறது என்றார் டாக்டர். எனிமா, மூக்குக் குழாய் வழியாக லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து. மூன்றாம் நாள் விடிகாலையில் பெரியப்பா கண்ணைத் திறந்து, “மண்டிச் சாவி யார்ட்ட இருக்கு?” என்று கேட்டார். அந்தக் குரலை நாங்கள் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. சர்வரில் அவருடைய பழைய படங்களைத் திறந்தேன். டிஃப்யூஷன் என்ற படவகையில் ஒன்றும் இல்லை. ஃப்ளேர் என்ற இன்னொரு வகையிலும் இல்லை. டி1 என்ற மூன்றாவது வகையை ஓட்டியபோது மூளையின் நடு ஆழத்தில், இரண்டு பக்கமும், சாய்த்து வைத்த இரண்டு அரிசி மணிகள் போலக் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி வெளுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. எடுத்த அன்றும் அதை நான் பார்த்திருந்தேன். வயசுக்குக் கால்சியம் படிந்திருக்கும் என்று கடந்துபோயிருந்தேன்.

ரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டினேன். நல்ல மனிதர், வெகு நேரம் பார்த்தார். “ஸ்லிப்ல லிவர்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா எழுதியிருப்பேன்” என்றார். என் நெஞ்சில் அது கல்லாக விழுந்தது. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். நான் அவருடைய தம்பி மகள். உடம்பில் இரும்பு இருக்கிறதா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டு நிரப்பும் படிவத்தில் கல்லீரலுக்கு இடமில்லை. நானும் கேட்கவில்லை, எழுதவில்லை.

அந்த வெளுப்பு அமோனியா அல்ல, மாங்கனீஸ். சாப்பாட்டில் வருகிற மாங்கனீஸில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். கல்லீரல் இறுகிப்போனால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டு நாளங்கள் வழியாக நேரே இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. கண்மாய் மடை அடைத்தால் தண்ணீர் கரையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வருவதில்லையா, அதேதான். அந்த வெள்ளத்தில் மாங்கனீஸும் வரும், அமோனியாவும் வரும். மாங்கனீஸுக்குக் காந்தப் புலத்தில் நடந்துகொள்ளும் விதம் தனி என்பதால் டி1 படத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆக அந்த இரண்டு அரிசி மணிகள், ‘இவர் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகிறது’ என்று சொன்னவை. இன்று அவர் எவ்வளவு குழம்பியிருக்கிறார் என்பதை அவை சொல்லாது. தெளிவாகப் பேசும் சிரோசிஸ் நோயாளிகளிடமும் அந்த வெளுப்பு இருக்கும். கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மறையும்.

அமோனியா எங்கே போய் ஒளிகிறது

கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போன ரத்தம் மூளையைக் கெடுக்கும் என்பது பழைய சேதி. 1893-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பாவ்லோவும் நென்ஸ்கியும் அவர்களோடு இருந்தவர்களும், குடல் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் போகும்படி நாய்களுக்கு அறுவை செய்தார்கள். பாடப் புத்தகத்தில் நாய்க்கு மணியடித்த அதே பாவ்லோவ்தான். அந்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தால் சிடுசிடுத்தன, தள்ளாடின, மயங்கி விழுந்தன. இறைச்சியிலிருந்து வந்த நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்ற ஆளில்லை. அன்றிலிருந்து அமோனியாதான் முதல் குற்றவாளி. ஆனால் 130 வருடம் கழித்தும் அதை உயிருள்ள மூளைக்குள் எம்.ஆர்.ஐ.யால் நேராகப் பிடிக்க முடியாமல் இருக்கிறோம் என்பது, இந்தத் துறையில் வேலை பார்க்கும் எனக்கே பெரியப்பாவுக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

எம்.ஆர்.ஐ. என்பது தண்ணீரின் ஹைட்ரஜனைக் கேட்கிற காது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 110 மோல் ஹைட்ரஜன் இருக்கிறது. மோசமான நிலையில் இருக்கும் ஒருவர் ரத்தத்தில் அமோனியா லிட்டருக்கு 100, 200 மைக்ரோமோல் அளவில் இருக்கும். பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை முனகுவதைக் கேட்பது மாதிரி. அதுவும் அந்தக் குழந்தை ஓரிடத்தில் நிற்பதில்லை. உடம்பில் அமோனியா பெரும்பாலும் அமோனியம் அயனியாக இருக்கிறது, அதன் ஹைட்ரஜன்கள் சுற்றியிருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன்களோடு ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேராகத் தேடினால் கிடைக்காது.

தடயம் கிடைக்கும். மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள்தான் வந்த அமோனியாவைப் பிடித்து, குளூட்டமேட் என்ற பொருளோடு சேர்த்துக் குளூட்டமினாக மாற்றுகின்றன. குளூட்டமின் பெருகினால் அது தண்ணீரை உள்ளே இழுக்கும், செல் வீங்கும். வீக்கத்தைச் சமாளிக்க அந்தச் செல் தன்னிடமிருக்கும் மயோ-இனோசிட்டால் போன்ற சரக்குகளை வெளியே எறிகிறது. மூழ்கப்போகும் படகிலிருந்து மூட்டையைத் தூக்கிப் போடுவதைப் போல. இந்த இரண்டையும் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் பார்க்கலாம்; மூளையில் இருக்கும் வேதிப்பொருள்களைப் படமாக அல்லாமல் ஒரு கோட்டின் முகடுகளாகக் காட்டுகிற முறை அது. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் ரோலாண்ட் க்ரைஸும் பிரையன் ராஸும் பதிவு செய்த கோலம் இது: குளூட்டமின் பக்கத்து முகடு ஏறும், மயோ-இனோசிட்டாலும் கோலினும் இறங்கும். பார்சிலோனாவில் ஹுவான் கோர்டோபாவின் குழு 2001-இல், கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகு இந்தக் கோலமும் மூளையின் மெல்லிய நீர்க்கோப்பும் திரும்பிச் சரியாவதைக் காட்டியது.

இதே கோர்டோபாவின் பெயரை இன்னொரு இடத்தில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. சிரோசிஸ் குழப்பத்தில் இருப்பவருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்று 2004-லேயே அவர் குழு சோதித்துக் காட்டிவிட்டது. இன்றைய வழிகாட்டல்கள் உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுக்கச் சொல்கின்றன. தசை கரைந்தால் அமோனியாவைப் பிடிக்க இருக்கும் இன்னொரு இடமும் போய்விடும். எங்கள் வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று பெரியம்மா நாலு மாதமாகப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தி, மனுஷருக்கு ரசச்சோறு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்ததை நான் ஸ்கேன் மேஜையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

நிற்கிற முகடு

பெரியப்பா வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து, ரேடியாலஜிஸ்ட்டின் அனுமதியோடு, கடைசி நோயாளி போன பிறகு அவருக்கு ஸ்பெக்ட்ரோஸ்கோபி எடுத்தேன். எங்களுடையது 1.5 டெஸ்லா காந்தப் பலம் உள்ள மெஷின். இதில் குளூட்டமேட்டும் குளூட்டமினும் தனித்தனியாகப் பிரியாது, இரண்டையும் சேர்த்துக் கிளக்ஸ் என்றுதான் படிப்போம். அதனால் வழக்கமான ஸ்கேனில் இதை யாரும் கேட்பதில்லை. நேரம் பிடிக்கும், ஆள் அசைந்தால் வீணாகிவிடும். இந்தத் தடவை பெரியப்பா அசையவில்லை. ஒரு தடவைகூடப் பஸ்ஸர் அழுத்தவில்லை.

கன்சோலில் கோடு வரைந்துகொண்டே வந்தது. மயோ-இனோசிட்டால் இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தது. கிளக்ஸ் வீங்கியிருந்தது. படித்தது அப்படியே என் பெரியப்பா தலைக்குள் இருந்தது. ஆனால் நான் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தது அந்த இரண்டையும் இல்லை. வலது ஓரத்தில் என்.ஏ.ஏ. முகடு கோபுரம் மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது. நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், நலமாக இருக்கின்றன என்பதற்கு நாங்கள் பார்க்கும் அடையாளம் அது. நியூரான் சாகிற நோய்களில் அது சரியும். அல்சைமர் என்று சொந்தத்தில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். ‘இனிமே இப்படித்தான்’ என்று அண்ணனே சொல்லியிருந்தான். இந்தக் கோடு வேறு சொன்னது: ஆட்கள் எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருக்கிறது.

அவரை எழுப்பிக் கன்சோல் அறைக்குக் கூட்டிவந்து காட்டினேன். விதிப்படி செய்யக் கூடாததுதான். “இது உங்க மூள எழுதுன கணக்கு, பெரியப்பா. இந்த வரவு ஏறிப்போச்சு, அதனால இந்த இருப்பு கரஞ்சுபோச்சு. ஆனா முதல் அப்படியே இருக்கு.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப நான் வேணும்னு பண்ணல” என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

படம் பிடித்து என்ன செய்ய?

எனக்குத் தெரிந்த ஒரு கல்லீரல் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அமோனியாவப் படம் பிடிச்சு என்னம்மா பண்ணப் போற? லாக்டுலோஸ் கொடு, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ வெளிய போகட்டும். தெளிஞ்சா அதான் டெஸ்ட்” என்றார். அவர் சொல்வது சரி. முற்றிய குழப்பத்தைக் கட்டிலருகே நின்றே கண்டுபிடிக்கலாம், அந்த இரவு டாக்டர் கண்டுபிடித்தார். ரத்த அமோனியாவைக்கூட அவ்வளவாக நம்ப முடியாது. கையை இறுக்கிக் கட்டி எடுத்தால் ஏறும், ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோகாவிட்டால் ஏறும். பெரியப்பா சுயநினைவில்லாமல் கிடந்த அன்று வந்ததைவிட, உட்கார்ந்து பேப்பர் படித்த அன்று வந்த எண் அதிகம். அளவு சாதாரணமாக இருந்தால் வேறு காரணத்தைத் தேடு என்று சொல்ல அது உதவும், அவ்வளவுதான்.

இருந்தாலும் அவர் பதில் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. கட்டிலருகே போகும் வரைக்குமான மாதங்களை யார் பார்ப்பது? அந்த மாதங்களில்தான் எண்கள் சரிந்தன, மண்டியில் பேச்சு வந்தது, பெரியம்மா வாயை மோந்து பார்த்தார். வெளியே தெரியாத அளவுக்கு மெல்லிய கல்லீரல் மூளைப் பாதிப்பு சிரோசிஸ் நோயாளிகளில் ஏராளமானவர்களுக்கு இருக்கிறது. வண்டி ஓட்டும்போது அவர்கள் பிழை செய்கிறார்கள், வேலையில் தடுமாறுகிறார்கள், வீட்டில் சோம்பேறி என்றும் குடிகாரர் என்றும் பெயர் வாங்குகிறார்கள். அவர்களுக்கு மருந்தோடு ஒரு சாட்சியும் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதனால்தான் செஸ்ட் (CEST) என்று எங்கள் துறையில் சொல்லும் இமேஜிங் முறையைப் பற்றி எதைக் கண்டாலும் படிக்கிறேன். அமோனியாவின் ஹைட்ரஜன்கள் தண்ணீரோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்த ஓட்டத்தையே அது பயன்படுத்திக்கொள்கிறது. மஞ்சள் நீராட்டு அன்று ஒரு சின்னப் பெண் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டால் அவளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள், கொஞ்ச நேரத்தில் எத்தனை வெள்ளை வேட்டியில் கறை என்று எண்ணலாம். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையை அனுப்பி அந்தச் சில ஹைட்ரஜன்களின் சிக்னலை அணைத்துவிட்டால், அவை தண்ணீரோடு இடம் மாறி மாறி, சில விநாடிகளில் தண்ணீரின் சிக்னலே குறைகிறது. அந்தக் குறைவை அளக்கலாம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில் ஹெல்கே ஸோல்னரும் அவருடைய குழுவும் 2019-இல் கல்லீரல் நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். நோயின் தீவிரத்தோடு சேர்ந்து இந்தச் சிக்னலும் மாறுவதைக் கண்டார்கள். சிக்கலும் இருக்கிறது: புரதங்களில் இருக்கும் ஹைட்ரஜன்களும் இதே மாதிரி இடம் மாறும், அமில-கார அளவு மாறினாலும் வேகம் மாறும். வேட்டியில் இருக்கும் கறையெல்லாம் அந்த ஒரு பெண் ஊற்றியதுதான் என்று இப்போதைக்கு அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் மெஷினுக்கு அது வர எத்தனை வருடம் ஆகுமோ.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுவது. இத்தாலிய மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட முறை. வயதுக்கும் படிப்புக்கும் ஏற்பத் திருத்திய கணக்கில் 15க்கு மேல் போனால் நல்லது, 10க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா என் போனை வாங்கி நேரம் வைப்பார். வேலையிடத்தில் நான் மூளை ஸ்கேன் படிவத்தின் அடியில் பேனாவால் இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறேன்: கல்லீரல் பற்றி யாராவது எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, பகலில் தூங்கி ராத்திரி விழித்திருக்கிறாரா. ‘ஆமாம்’ என்று வந்தால் சீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வெள்ளாடு, செம்மறி, கெடா என்று மூன்றாகச் சொன்னார். பெரியம்மா, “கெடாவும் ஆடுதான், ஒண்ணாத்தான் எழுதுவேன்” என்றார். அவர் விடவில்லை, “மண்டில சன்ன ரகத்தையும் மோட்டா ரகத்தையும் ஒண்ணா எழுதுனா விடுவாகளா?” என்று சண்டைக்கு நின்றார். கெடாவைக் கழித்தே 17 வந்தது. நோட்டில் தேதி போட்டு அவரே எழுதினார். மேலே இருந்த 16-இன் ஆறுக்கு நேர் கீழே ஏழு நின்றது.